இடப்பக்கத்து நிரலில் எந்தத் தீவு தெரிய வேண்டும்?

"அண்ணா, இதிலை எது எங்கடை?"

நெடுந்தீவிலுள்ள ஒரு வாசிகசாலையின் பின்னறையில், உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேறு வரும்வரை வீட்டில் சும்மா இருக்க மனமின்றி எங்கள் பதிவு வேலைக்கு உதவ வந்திருந்த ஒரு தங்கச்சி, கணினித் திரையின் இடப்பக்கத்தில் மேலிருந்து கீழாக வரிசையிட்டு நின்ற பெயர்களைச் சுட்டிக்காட்டி இவ்வாறு கேட்டபோது, திரும்பிப் போகும் படகுக்கு நேரமாகிறதே என்ற அவசரத்தில் நான் சொன்ன மறுமொழி, "நெடுந்தீவு எண்டு இருக்கிறதைத் திற, பிள்ளை" என்பதுதான். நெடுந்தீவு என்று தொடங்கும் பெயர்கள் அந்த நிரலிலே மூன்று இருந்தன. ஒன்று உண்மையான தரவுத்தளம். ஒன்று, அட்டவணைகளின் அமைப்பை மாற்றுவதற்கு முன் காப்புக்காக நான் எடுத்து வைத்த பிரதி. மற்றொன்று, ஏதோ ஒரு பரீட்சார்த்தத்துக்காக உண்டாக்கி அப்படியே விட்டது. எனக்கு மூன்றும் மூன்றாகத் தெரிந்தன. அவளுக்கு மூன்றும் ஒன்றாகவே தெரிந்தன. அதில் அவள் மேல் ஒரு குற்றமும் இல்லை.

அந்த வேலை இன்னதென்று முதலில் சொல்லிவிடுகிறேன். யாழ்ப்பாணத்தார் "கல்வெட்டு" என்று பேச்சிலே சொல்வது எப்போதும் கல்லில் வெட்டிய சாசனத்தை அன்று. ஒருவர் காலமாகி முப்பத்தோராம் நாள் கிரியை நடக்கும்போது வீட்டார் அச்சிட்டு உறவினருக்கும் அயலாருக்கும் வழங்கும் சிறு நூலையும் அப்பெயரால்தான் அழைப்போம். முகப்பில் இறந்தவரின் படமும், உள்ளே தேவார திருவாசகங்களும், அவர் பிறந்த ஊர், தாய் தந்தையர், சகோதரர், மணம்புரிந்த இடம், பிள்ளைகள், மருமக்கள், பேரப்பிள்ளைகள் என்று கிளைத்துச் செல்லும் வம்சாவளியும், இறுதியில் நன்றியுரையும் கொண்ட இந்த நூல்களை, வாங்கியவர் பெரும்பாலும் சுவாமியறைத் தட்டிலோ அலுமாரியின் அடியிலோ போட்டு வைப்பார். ஆனால் எங்கள் தீவுகளான தீவகத்தின் குடும்ப சரித்திரம் எழுத்திலே எங்காவது உண்டென்றால் அது பெரிதும் இவற்றில்தான் உண்டு. 1990, 1991 ஆகிய ஆண்டுகளில் தீவுகளிலிருந்து சனங்கள் இடம்பெயர்ந்தபோது காணி உறுதியையும் பிறப்பத்தாட்சிப் பத்திரத்தையும் எடுத்துக்கொண்டு ஓடியவர்கள் உண்டு. அவையுமின்றி உடுத்த துணியோடு ஓடியவர்களும் உண்டு. இன்று தொரன்ரோவிலும் இலண்டனிலும் பாரிசிலும் வாழும் அவர்களின் பிள்ளைகள் தம் பாட்டனாரின் பெயரைத் தேடி எங்களிடம் வரும்போது, நாங்கள் எடுத்துக் கொடுப்பது ஒரு கல்வெட்டைத்தான்.

2005ஆம் ஆண்டு தொடங்கிய நூலகம் என்னும் எண்ணிம நூலகம் ஈழத்து நூல்களோடும் இதழ்களோடும் நினைவுமலர்களையும் மின்வடிவாக்கி உலகம் முழுவதற்கும் திறந்து வைத்திருக்கும் பெருங்காரியத்தை இவ்விடத்தில் நன்றியோடு நினைக்க வேண்டும். நாங்கள் செய்வது அதனோடு ஒப்பிடக்கூடியதன்று. ஊர்காவற்றுறை, நயினாதீவு, நெடுந்தீவு ஆகிய மூன்று இடங்களின் வாசிகசாலைகளில் எந்தக் கல்வெட்டு, எந்தக் கோயில் மலர், எந்தப் பாடசாலை ஆண்டு மலர் இருக்கின்றது என்று காட்டும் ஒரு கைப்பதிவைத் தரவுத்தளமாக வைத்திருக்கிறோம், அவ்வளவே. மூன்று தரவுத்தளங்கள், வாடகைக்கு எடுத்த ஒரே சேவையகத்தில், மென்பொருள் மைஎஸ்கியூஎல், அதைத் திறந்து பார்க்கும் சாளரம், 1998 முதல் உலகெங்கும் புழங்கும் பிஎச்பி மைஅட்மின்.

அந்தத் தங்கச்சி பதினொரு நாள் வேலை செய்தாள். காலையில் வந்து மின்விசிறிக்குக் கீழே கல்வெட்டுகளை அடுக்கி வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றாகத் திறந்து, பெயரையும் பிறந்த இடத்தையும் பெற்றோரையும் பிள்ளைகள் வாழும் நாடுகளையும் பிழையறப் பதிந்தாள். ஒரே ஆளின் பெயரை ஒரு கல்வெட்டில் ஒரு விதமாகவும் அவர் தம்பியின் கல்வெட்டில் இன்னொரு விதமாகவும் அச்சிட்டிருந்த இடங்களை, வாசிகசாலைக்கு வரும் முதியோரிடம் விசாரித்து, எது சரியென்று குறிப்பும் எழுதினாள். இவை எல்லாவற்றையும் அவள் பதிந்தது பிரதியிலே. அடுத்த ஞாயிற்றுக்கிழமை வேலணையில் என் வீட்டிலிருந்தபடி, பழைய பிரதிகள் இடத்தை அடைக்கின்றனவே என்று அவற்றை நான் அழித்தேன். இரவுதோறும் தானாக எடுக்கப்படும் காப்புப்பிரதியில் நான் பெயர் குறித்துக் கொடுத்திருந்த மூன்று தரவுத்தளங்கள் மட்டுமே சேர்ந்தன. அழிந்தது அந்த மூன்றில் இல்லை. திங்கட்கிழமை அவளுடைய தொலைபேசி அழைப்பு வந்தபோதுதான் நடந்தது எனக்கு விளங்கிற்று. நான் சொல்ல வேண்டியதைச் சொல்லி முடித்ததும், மறுமுனையில் சற்று நேரம் சத்தமில்லை. பிறகு, "பரவாயில்லை அண்ணா, கல்வெட்டுப் புத்தகம் எல்லாம் இருக்குதுதானே, திரும்பப் பதிவம்" என்றாள்.

அந்தக் குரல் இன்னும் என் காதில் இருப்பதனால்தான் இந்தப் பதிவு இவ்வளவு நீளமாக வருகின்றது. தரவுத்தள முகாமைத்துவக் கருவிகளில் எந்தத் தரவுத்தளம் யாருக்குத் தெரிய வேண்டும் என்பதை, கருவியை நிறுவும் நாளில் ஒரு சில்லறை விஷயமாக எண்ணிக் கடந்துபோகிறோம். அது சில்லறை விஷயமன்று. அந்த நிரலைத் தினமும் பார்த்து வேலை செய்பவர் வேறொருவராயிருக்க, அதில் இன்னதுதான் நிற்க வேண்டும் என்று தீர்மானிப்பவர் நாமாயிருப்பதால், அது அவருக்காக நாம் செய்கின்ற தீர்மானம்.

அன்று அவள் திரையில் தெரிந்தவை மொத்தம் பதினான்கு. அவற்றுள் நான்கு மைஎஸ்கியூஎல் தன் சொந்தக் காரியத்துக்கு வைத்திருப்பவை: இன்பர்மேஷன் ஸ்கீமா, பெர்பார்மன்ஸ் ஸ்கீமா, மைஎஸ்கியூஎல் என்ற பெயரிலேயே ஒன்று, சிஸ் என்று மற்றொன்று. கணக்குகளும் கடவுச்சொற்களும் அனுமதிகளும் மூன்றாவதிலேதான் இருக்கின்றன. அதைத் தெரியாமல் தொட்டுக் கலைத்தால் வீட்டுத் திறப்புக்கோர்வையைக் கிணற்றில் போட்டதற்குச் சமானம். கல்வெட்டுப் பதிய வந்த ஒரு பிள்ளைக்கு அது எதற்காகத் தெரிய வேண்டும்? தெரிந்ததற்குக் காரணம் ஒன்றே ஒன்று: எல்லோரும் என்னுடைய கணக்கிலேயே நுழைந்தார்கள். ஒரு கடவுச்சொல் போதுமே, மூன்று தீவுக்கும் மூன்றை யார் ஞாபகம் வைத்திருப்பது என்ற சௌகரியத்தை உத்தேசித்து நானே செய்த ஏற்பாடு அது.

உண்மையில் மைஎஸ்கியூஎல் இந்த விஷயத்தில் மிகவும் விவேகமாக அமைக்கப்பட்ட மென்பொருள். தரவுத்தளங்களைக் காட்டு என்று அதனிடம் கேட்டால், கேட்கும் கணக்குக்கு எவற்றின் மேல் ஏதாவதோர் உரிமை உண்டோ அவற்றின் பெயர்களையும் இன்பர்மேஷன் ஸ்கீமா போன்ற பொதுவானவற்றையும் மட்டுமே அது சொல்லும். எல்லாப் பெயர்களையும் பார்க்கும் பொது உரிமையைத் தனியாகக் கொடுத்திருந்தாலன்றி மற்றவை இருப்பதாகவே காட்டிக்கொள்ளாது. ஆகையால், நெடுந்தீவுக்கு ஒரு கணக்கு, நயினாதீவுக்கு ஒரு கணக்கு, ஊர்காவற்றுறைக்கு ஒரு கணக்கு என்று பிரித்து, அந்தந்தக் கணக்குக்கு அந்தந்தத் தரவுத்தளத்தின் மேல் மட்டும் உரிமை கொடுத்த அன்றே, கருவியில் வேறு ஒன்றையும் தொடாமல், இடப்பக்கத்து நிரல் தானாகவே சுருங்கிவிட்டது.

உரிமை கொடுக்கும் கட்டளையில் ஒரு நுட்பம் உண்டு. அதை அறியாதவர் பலர். தரவுத்தளப் பெயரில் நாம் சாதாரணமாகப் போடும் அடிக்கோடு, அந்தக் கட்டளைக்குள்ளே வெறும் அடிக்கோடன்று. அவ்விடத்தில் எந்த ஓர் எழுத்தும் வரலாம் என்பது அதன் பொருள். மலர்_1 என்ற ஒன்றுக்கு அனுமதி கொடுத்ததாக நாம் நினைத்திருக்க, மலர்11, மலர்21 என்பனவும் அதே கணக்குக்குத் திறந்துவிடும். அடிக்கோட்டின் முன்னே ஒரு பின்சாய்கோடு இட்டுவிட்டால் அது வெறும் அடிக்கோடாகவே நிற்கும். கட்டளையைக் கையால் எழுதுகிறவர்கள் இதை மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள்.

இனி, கருவியின் பக்கத்திலிருந்து மறைக்கும் வழிகளைப் பார்ப்போம். பிஎச்பி மைஅட்மினின் அமைப்புக் கோப்பில், குறிப்பிட்ட தரவுத்தளங்களை மட்டும் காட்டு என்பதற்கு ஒரு வரியும், இன்ன வடிவத்துப் பெயர்களை மறை என்பதற்கு ஒரு வரியும் உண்டு. முன்னதன் பெயர் ஒன்லி டிபி, பின்னதன் பெயர் ஹைட் டிபி. ஹைடிஎஸ்கியூஎல் என்னும் கருவியில் இணைப்பு விபரம் கேட்கும் பெட்டியிலேயே, வேண்டிய தரவுத்தளங்களின் பெயர்களை அரைப்புள்ளியிட்டு எழுதலாம். போஸ்ட்கிரெஸ் என்னும் இன்னொரு தரவுத்தள மென்பொருளுக்கு வழங்கும் பிஜிஅட்மினிலும் காட்டப்படுவனவற்றைக் கட்டுப்படுத்த ஓர் இடம் உண்டு. டிபீவர் என்னும் கருவியோ போஸ்ட்கிரெஸோடு இணையும்போது, நாம் எதனோடு இணைந்தோமோ அந்த ஒரு தரவுத்தளத்தை மட்டுமே முதலில் காட்டும். மற்றவை வேண்டுமானால், எல்லாவற்றையும் காட்டு என்ற கட்டத்தில் சரியடையாளம் இட வேண்டும். "என் தரவுத்தளங்கள் எல்லாம் போய்விட்டன" என்று பதறி எனக்கு எழுதிய இருவருக்கும் நான் அனுப்பிய மறுமொழி இந்த ஒரு வரிதான். ஒன்றும் போகவில்லை, சரியடையாளம் இல்லை.

இவையெல்லாம் கண்ணுக்குச் செய்யும் உபகாரம். கதவுக்குப் போடும் பூட்டு அல்ல. ஹைட் டிபி கொண்டு மறைத்த தரவுத்தளத்தை, உரிமையுள்ள கணக்கு, வினவல் எழுதும் பெட்டியில் பெயரைத் தட்டச்சிட்டுத் தாராளமாகத் திறக்கலாம் என்பதைப் பிஎச்பி மைஅட்மினின் கைந்நூலே ஒளிக்காமல் சொல்கிறது. அட்மினர் என்னும் சிறு கருவிக்கு இதே காரியத்துக்காக எழுதப்பட்ட செருகியிலும், இது தோற்றத்தைச் சீர்செய்வதற்கே, பாதுகாப்புக்கு அன்று என்று எழுதியவரே குறித்து வைத்திருக்கிறார். எங்கள் தீவுகளை அறிந்தவருக்கு இந்த வேற்றுமையை விளக்குவது கடினமில்லை. நெடுந்தீவில் ஒவ்வொரு வளவையும் சுற்றி, சாந்து பூசாமல் பவளக்கற்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய கல்வேலி உண்டு. இது இன்னாருடைய வளவு என்று அது காட்டும், ஆடுமாடு பயிருக்குள் இறங்காமல் தடுக்கும், ஆனால் மனிதன் ஒருவன் காலைத் தூக்கி வைத்தால் கடந்துவிடலாம். ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் நடுவே கடலுக்குள் நிற்கும் ஹம்மன்ஹீல் கோட்டை அப்படியன்று. நாற்புறமும் கடல், உள்ளே போக வேண்டுமானால் படகும் வேண்டும், திறக்கும் வாசலும் வேண்டும். கல்வேலியும் வேண்டியதுதான், அது இல்லாவிட்டால் தன் வளவு எங்கே முடிகிறதென்று ஒருவருக்கும் தெரியாது. ஆனால் கல்வேலியைக் கட்டிவிட்டுக் கோட்டை கட்டியதாக எண்ணிக்கொள்ளலாகாது.

பெயரை மறைப்பது எல்லா மென்பொருளிலும் ஒரே விதமாய் இயலாது. போஸ்ட்கிரெஸில் தரவுத்தளங்களின் பெயர்ப்பட்டியல் இணையக்கூடிய எவருக்கும் வாசிக்கத் திறந்தே இருக்கும். அத்துடன், புதிதாக ஆக்கிய தரவுத்தளத்தோடு இணையும் உரிமையும் வழக்கமாக எல்லோருக்கும் கொடுக்கப்பட்டே இருக்கும், அதை நாமாகத் திரும்பப் பெற வேண்டும். உள்ளே போகாமல் தடுக்கலாம். உள்ளே ஒன்று உண்டென்பதை மறைக்க முடியாது. மைக்ரோசொப்டின் எஸ்கியூஎல் சேர்வரிலும் எல்லாப் பெயர்களையும் பார்க்கும் உரிமை தொடக்கத்திலேயே அனைவருக்கும் உண்டு. அதை மறுத்தாலோ, தான் உரிமையாளராயுள்ள தரவுத்தளங்களும் மாஸ்டர், டெம்ப்டிபி ஆகிய இரண்டும் தவிர, தினமும் வேலை செய்யும் தரவுத்தளத்தின் பெயர்கூட ஒருவருக்கு நிரலில் வராமல் போய்விடும்.

பெயர் தெரிவதால் என்ன குடி முழுகிவிடும் என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்ல விரும்புகிறேன். 1985ஆம் ஆண்டு மே மாதம் 15ஆம் திகதி, நெடுந்தீவிலிருந்து புறப்பட்ட குமுதினிப் படகில் சென்றவர்களுள் பலர் நடுக்கடலில் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். அந்த ஊரில் அந்த நாளை அறியாத வீடு இல்லை. அத்தகைய நாட்களின் சாட்சியங்களை, உயிரோடிருப்பவர்களின் பெயர் ஊரோடு சேர்த்துத் திரட்டுகின்ற ஒருவர், அத்தரவுத்தளத்துக்கு அதன் பொருளை அப்படியே சொல்லும் பெயரை இட்டு, பலரும் புழங்கும் சேவையகத்தில் வைத்தாரானால், உள்ளே ஒரு வரிகூட வாசிக்க முடியாதவருக்கும் இங்கே இப்படியொன்று திரட்டப்படுகிறது என்ற செய்தி போய்ச் சேர்ந்துவிடுகிறது. எங்கள் நாட்டில் அந்தச் செய்தி மட்டுமே ஒருவரை அச்சத்தில் ஆழ்த்தப் போதுமானதாக இருந்த காலம் நீண்டது. அப்படிப்பட்டவற்றுக்குப் பொருள் தோன்றாத பெயர் இடுங்கள். முடிந்தால் வேறு சேவையகத்திலேயே வையுங்கள்.

பெயர் இடுவது என்றதும் எங்கள் தீவுகளின் பெயர்களைப் பற்றியும் பேசாமல் இருக்க முடியவில்லை. ஒல்லாந்தர் வந்து நெடுந்தீவை டெல்வ்ற் என்றும், வேலணையை லெய்டன் என்றும், நயினாதீவை ஹார்லெம் என்றும், புங்குடுதீவை மிடில்பர்க் என்றும், காரைநகரை ஆம்ஸ்டர்டாம் என்றும் தங்கள் ஊர்ப் பெயர்களால் அழைத்தார்கள். ஊர்காவற்றுறையின் ஆங்கில வழக்கான கயிற்ஸ் என்பதோ, துறைமுகத்தைக் குறிக்கும் போர்த்துக்கேயச் சொல்லிலிருந்து வந்தது. அங்கிருந்து யானைகளைக் கப்பலேற்றிய காலத்தின் எச்சம் அது. நயினாதீவைப் பௌத்தர் நாகதீபம் என்பர். மணிமேகலை கூறும் மணிபல்லவம் இதுவே என்று கொள்ளும் அறிஞரும் உளர். முன்பு எங்கள் சேவையகத்தில், இங்கிருந்து ஒருவரும் கனடாவிலிருந்து ஒருவரும் நோர்வேயிலிருந்து ஒருவருமாகப் பல காலத்தில் ஆக்கிய தரவுத்தளங்கள் எப்படிப் பெயர் பெற்றிருந்தன என்று நினைக்கிறீர்கள்? ஒருவர் கயிற்ஸ் என்றார். ஒருவர் ஊர்காவற்றுறை என்பதை ஆங்கில எழுத்தில் ஒற்றை எழுத்தாலும் இன்னொருவர் இரட்டை எழுத்தாலும் எழுதினார். ஒருவர் டெல்வ்ற் என்றார். அகரவரிசையில் அடுக்கும் கருவிக்கு இவை அயலவர் என்று எப்படித் தெரியும்? ஒரே தீவின் பதிவுகள் நிரலின் மேலும் நடுவும் கீழுமாகச் சிதறிக் கிடந்தன.

பிறகு ஒரு முறை வகுத்தோம். கல்வெட்டுக்குரியவை எல்லாம் ஒரே முன்னொட்டோடு தொடங்கும், அடிக்கோடு, அதன்பின் தீவின் தமிழ்ப்பெயர், எல்லோரும் ஒத்துக்கொண்ட ஒரே எழுத்துக்கூட்டில். அடிக்கோட்டுக்கு முன்னுள்ள பகுதி ஒன்றாயிருந்தால் அவற்றை ஒரே குடையின்கீழ்த் தொகுத்துக் காட்டும் வழக்கம் பிஎச்பி மைஅட்மினுக்கு இயல்பாகவே உண்டாதலால், நிரலும் ஒழுங்காயிற்று. பிரதிகளின் பெயர் இந்த முன்னொட்டோடு ஒருபோதும் தொடங்கக்கூடாது என்றும் விதித்தோம். அவை வேறு எழுத்தில் தொடங்கி, எடுத்த திகதியைத் தாங்கி, என் கணக்கில் மாத்திரம் தெரிகின்றன.

எந்த அலகுக்கு ஒரு தரவுத்தளம் என்பது அடுத்த கேள்வியாயிற்று. அரசாங்கம் தீவகத்தைப் பிரதேச செயலகங்களாகப் பிரித்திருக்கும் முறைப்படி, நெடுந்தீவு தனிப் பிரதேசம். காரைநகர் தனிப் பிரதேசம். ஊர்காவற்றுறையோடு அனலைதீவும் எழுவைதீவும் தீவகம் வடக்கில் சேரும். வேலணையோடு புங்குடுதீவும் நயினாதீவும் மண்டைதீவும் தீவகம் தெற்கில் சேரும். உத்தியோகப் பதிவுகளுக்கு இது முற்றிலும் பொருத்தமானது. ஆனால் நயினாதீவு வாசிகசாலையில் உட்கார்ந்திருக்கும் ஒருவர் நிரலில் நயினாதீவைத் தேடி, வேலணை என்ற பெயரை மட்டும் கண்டால், தன் ஊர் இதில் இல்லை என்று எண்ணி எழுந்து போவதே இயல்பு. அலுவலகத்தின் வசதியைவிட அந்த மனிதரின் கண் எங்கே தேடும் என்பதே எனக்குப் பெரிதாகப் பட்டது. ஆகையால் பிரதேசத்தை விட்டுத் தீவையே அலகாகக் கொண்டேன்.

உலகளாவிய உதாரணம் ஒன்றும் உண்டு. விக்கிமீடியா ஸ்தாபனம் தன் விக்கிகளின் தரவுத்தளங்களை யாவரும் வினவிப் பார்க்கத் தக்கதாகப் பொதுப் பிரதிகளாக வைத்திருக்கிறது. 2003இல் தொடங்கி, யாழ்ப்பாணத்தவரான இ. மயூரநாதன் முன்னின்று வளர்த்த தமிழ் விக்கிப்பீடியாவும் அவற்றுள் ஒன்று. குவாரி என்னும் இணையக் கருவியில் வினவலை எழுதலாம். தீவகத்தைப் பற்றி எந்தெந்தக் கட்டுரை எப்போது எழுதப்பட்டது என்றறிய நானும் அதைப் பயன்படுத்துவதுண்டு. 2021இல் அந்தப் பிரதிகளைப் பல சேவையகங்களுக்குப் பிரித்த பின்னர், இன்ன தரவுத்தளம் என்று முன்கூட்டியே பெயர் எழுதினாலன்றிக் குவாரியில் வினவல் ஓடாது. நூற்றுக்கணக்கான விக்கிகளின் பெயரையும் ஒரே நிரலாகக் கொட்டி வைக்காமல், வருகிறவர் தமக்கு வேண்டியதைத் தாமே குறிப்பிடும்படி விட்டிருக்கிறார்கள். தமிழுக்குரிய இரண்டு எழுத்து மொழிக்குறி, அடுத்து விக்கி, அடுத்து அடிக்கோடு, கடைசியில் பி என்ற ஓர் எழுத்து, இவ்வளவுதான் பெயர். அந்தக் கடைசி எழுத்துக்குப் பொருள், இது பொதுப்பார்வைக்கு உரியது, அந்தரங்கமானவை நீக்கப்பட்டது என்பதாகும். ஒரே எழுத்தில் அவ்வளவு பெரிய உறுதிமொழியைப் பெயருக்குள் வைத்திருக்கும் அந்த ஏற்பாட்டை நான் மிகவும் மதிக்கிறேன்.

நெடுந்தீவிலிருந்து வேலை செய்பவர்களுக்கு நிரல் குறுகியிருப்பதில் வேறொரு நன்மையும் உண்டு. காற்று மாறிப் படகு நிற்கும் நாட்களைப்போலவே அலைவரிசை மெலியும் நாட்களும் அங்கே உண்டு. பக்கம் திறக்கும் ஒவ்வொரு முறையும் பதினான்கு பெயரும் வந்து இறங்குவதற்கும், ஒன்றிரண்டு பெயர் மட்டும் வந்து நிற்பதற்கும் உள்ள வித்தியாசம், தொலைபேசியின் இணைப்பைக் கணினிக்குக் கொடுத்து வேலை செய்பவருக்கே தெரியும்.

இவ்வளவும் பிறருக்கு. பாதுகாவலராய் இருப்பவருக்கோ ஒன்றுகூட மறையலாகாது. எனக்கென்று ஒரு கணக்கும், எந்த வடிகட்டியும் இல்லாத ஒரு சாளரமும் வைத்திருக்கிறேன். மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை அதைத் திறந்து, அதில் தெரியும் ஒவ்வொரு பெயரையும் கொப்பியில் எழுதியிருக்கும் பெயர்களோடு ஒப்பிட்டு, இது யாருக்காக, யாருக்குத் தெரிகிறது, காப்புப்பிரதியில் சேர்கிறதா என்று பார்க்கிறேன். காப்புப்பிரதியையும் பெயர் குறித்து எடுப்பதை விட்டு, எல்லாவற்றையும் எடு என்ற கட்டளைக்கு மாற்றிவிட்டேன். ஒரு பிரதியை அழிக்க வேண்டுமானால், அதில் கடைசியாக எழுதப்பட்ட வரியின் திகதியைப் பார்க்காமல் அழிப்பதில்லை. அன்றைக்கு அந்த ஒரு திகதியைப் பார்த்திருந்தால் பதினொரு நாள் உழைப்பு போயிருக்காது.

புதிய ஏற்பாட்டின்படி மூன்று வாசிகசாலைகளுக்கும் கணக்குகளைக் கொடுத்து வந்தபோது, நயினாதீவில் ஒரு முதியவர் என்னை நிறுத்தினார். நாகபூஷணி அம்மன் கோயில் ஆனித் திருவிழா முடிந்து, சனக்கூட்டமெல்லாம் குறிகட்டுவானுக்குப் படகேறிப் போய், வீதியில் தண்ணீர்ப்பந்தல்களின் கம்பங்களைப் பிடுங்கிக்கொண்டிருந்த நாள் அது. வாசிகசாலையின் பழைய அங்கத்தவர். எழுத்துக்கூட்டில் எங்களுக்குச் சந்தேகம் வந்தால் கேட்கும் முதல் ஆள் அவர். திரையில் தீவுகளுள் நயினாதீவின் பெயர் மட்டும் நிற்பதைக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார்.

"தம்பி, நல்ல வடிவாய்த்தான் இருக்குது. ஆனால் முந்தி இதிலை நெடுந்தீவும் தெரியிறதல்லோ?"

"ஓம் ஐயா. அது இப்ப அங்கை இருக்கிற ஆக்களுக்கு மட்டும் தெரியும். உங்களுக்கு நயினாதீவு போதும் எண்டுதான் எடுத்துவிட்டனான்."

"என்ர அம்மா நெடுந்தீவு, தம்பி. அவவின்ர ஆக்கள் எல்லாரும் அங்கைதான். மாமாவின்ர கல்வெட்டை நான் இதிலைதான் பாத்தனான்."

மூன்று தீவுக்கு மூன்று கணக்கு என்று பிரித்த எனக்கு, பெண் எடுத்ததும் பெண் கொடுத்ததும் ஒரு தீவோடு நின்றதில்லை என்பது அந்த வேளை வரையில் தோன்றவில்லை. ஒரு கல்வெட்டின் வம்சாவளியை எடுத்து வாசித்தால், பிறந்தது நெடுந்தீவு, புகுந்தது நயினாதீவு, மகள் வாழ்க்கைப்பட்டது புங்குடுதீவு என்று கடலைக் கடந்து கடந்தே அது போகும். எழுதும் உரிமையையும் வாசிக்கும் உரிமையையும் நான் ஒன்றாகக் கட்டியிருந்தேன். அங்கேயே உட்கார்ந்து, மூன்று கணக்குகளுக்கும் மற்ற இரண்டு தீவுகளின் மேலும் வாசிக்கும் உரிமையை மாத்திரம் கொடுத்தேன். எழுதும் உரிமை அவரவர் தீவோடு நின்றது. பக்கத்தைத் திரும்ப ஏற்றியபோது நிரலில் ஒரே முன்னொட்டின்கீழ் மூன்று பெயர்கள் வந்து நின்றன.

அவர் கதிரையைக் கிட்ட இழுத்துக்கொண்டார். நெடுந்தீவைத் திறக்கச் சொன்னார். அந்தத் தங்கச்சி இரண்டாம் முறை பதியத் தொடங்கி அப்போது மூன்றாவது வாரம். நூற்றுப் பதினேழு கல்வெட்டுகள் ஏறியிருந்தன. மாமாவின் பெயரைச் சொன்னார்; தேடினேன்; இன்னும் ஏறவில்லை.

"அந்தப் பிள்ளையை ஒருக்கால் எடும் தம்பி," என்றார். தொலைபேசியில் அவளை அழைத்துக் கொடுத்தேன். எந்த ஆண்டு, எந்த நிறத்து மட்டை, படத்தில் மாமா சால்வை போட்டிருப்பார், இரண்டாம் பக்கத்தில் அம்மாவின் பெயரைப் பிழையாக அடித்திருக்கிறார்கள், சரியான பெயர் இது என்று, எழுத்தெழுத்தாக அவர் சொல்லிக்கொண்டேயிருந்தார். மறுமுனையில் அவள் எழுதிக்கொண்டிருந்தாள்.